பாரமாக இருக்கலாமா?

“பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது.” எம் வீடுகளில் பெற்றோர் வாயால் நாம் அடிக்கடி கேட்டு வளர்ந்த வார்த்தை இது. நல்ல வார்த்தைதான். ஆனால் அது எல்லா இடத்திலும் நல்லதுதானா என்ற ஐயம் எனக்கு ஒரு மலையில் வைத்து ஏற்பட்டது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானம் தெளிந்த நாட்களில் வன்கூவரிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் வெண்மையாக ஒரு மலை தெரியும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எல்லைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் மவுண்ட் பேக்கர்தான் அது. உயரம் 3,286 மீற்றர். இது ஓர் எரிமலை. 1975இல் இதன் வாயிலிருந்து வழமையைவிட அதிகமாக நீராவி கிளம்பியது. எனினும் மேற்புறமெங்கும் பனியாறுகள் போர்த்திக் கிடக்கின்றன.

2019 ஜூலையில் நண்பர்கள் நால்வர் இதில் ஏறப் புறப்பட்டோம். ஒருவர் பனியாறுகளில் நன்கு பழகியவர். மற்ற மூவருக்கும் இதுவே முதல் தடவை. வயதில் மூத்தவன் நான்.

பனியாறு என்பது மெல்ல நகரும் பனிக்கட்டி. நகரும்போது அது வெடிக்கிறது. அவ்வெடிப்புகள் பல மீற்றர் ஆழமானவை. அவற்றின் வாயைப் புதுப்பனி மூடி, பாலம் போல நிற்கும். மேலே நடப்பவருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாது. அதனால்தான் நால்வரும் ஒரே கயிற்றில், பத்து மீற்றர் அளவு இடைவெளி விட்டு, இடுப்பில் பிணைத்துக்கொண்டு நடக்கிறோம். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் அக்கணமே பனியில் விழுந்து, பனிக்கோடரியைக் குத்தி, அவர் பாரத்தைத் தாங்கவேண்டும். வெயில் ஏறினால் பனிப்பாலங்கள் இளகிவிடும். ஆகவே நடுச்சாமம் கழிந்ததும் புறப்படுவது வழக்கம்.

முதல்நாள் மாலை கூடாரம் அடித்த இடத்திலேயே எனக்குத் தலையிடி. உண்டதும் தங்கவில்லை. மறைவாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. இளையவர்கள் எவ்வளவு ஆசையோடு லீவு எடுத்து வந்திருக்கிறார்கள், என்னால் அவர்கள் பயணம் கெடக்கூடாது என்பதே என் எண்ணம். அதை ஒரு தியாகம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் கோல்மன் பனியாற்றைக் கடந்து, ஏறத்தாழ 2,700 மீற்றர் உயரத்திலுள்ள மலைக்கழுத்தை அடையும்போது விடிந்துவிட்டது. எரிமலை வாயின் கந்தக மணம் மெல்ல வந்தது. என் கால்கள் பின்னத் தொடங்கியிருந்தன. சப்பாத்தில் கட்டிய இரும்பு முட்கள் மறுகாலின் காற்சட்டையைக் கிழித்தன.

“என்ன அண்ணை, நடை தள்ளாடுது?” என்று பின்னால் வந்த தம்பி கேட்டார்.

“ஒண்டுமில்லை, நடவுங்கோ” என்றேன்.

அவர் நடக்கவில்லை. கயிற்றை இழுத்து எல்லோரையும் நிறுத்தினார். இனிமேல் வருவது செங்குத்தான ஏற்றம். வழிகாட்டி வந்த நண்பர் என் முகத்தைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், திரும்புவோம் என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கூடாரத்துக்கு வந்தபின் அந்தத் தம்பி சொன்னார்: “மலை எங்கையும் ஓடாது அண்ணை. ஆனா நேற்றுப் பின்னேரமே சொல்லியிருந்தால் நீங்கள் இங்க படுத்திருப்பீங்கள், நாங்கள் மூன்று பேரும் போய் வந்திருப்பம்.”

கோபமில்லாத சொல். ஆனாலும் சுட்டது, ஏனெனில் அது முழுதும் உண்மை. பாரமாக இருக்கக்கூடாது என்று மறைத்தவன்தான் அன்று மூவருக்கும் பாரமானேன். சிகரம் போனது சிறிய விடயம். அத்தம்பி வெடிப்பில் விழுந்திருந்தால், தாங்கவேண்டிய கைகளில் இரண்டு என்னுடையவை. அவற்றில் பலம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. என் பலத்தை நம்பியே அவர் ஒவ்வொரு அடியும் வைத்தார்.

வலியைப் பொறுத்துக்கொள்வது உயர்ந்த குணம் அல்லவா என்று கேட்கலாம். ஆம், அந்த வலி என்னோடு மட்டும் முடியுமானால். பிறர் உயிரும் முடிவும் அதில் தங்கியிருந்தால், மறைப்பது பொறுமையன்று. அவர்கள் தீர்மானிக்கவேண்டியதை அவர்களைக் கேளாமல் நானே தீர்மானித்ததாகிறது.

1985இல் பேரு நாட்டின் சியுலா கிராண்டே மலையில் கால் முறிந்த ஜோ சிம்ப்சனை, நண்பர் சைமன் யேட்ஸ் கயிற்றால் கீழே இறக்கிவந்தார். ஓரிடத்தில் சிம்ப்சன் அந்தரத்தில் தொங்கினார். புயலில் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டவில்லை. தானும் இழுபடும் நிலையில் யேட்ஸ் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் உயிர்தப்பித் தவழ்ந்து வந்து, நண்பர் செய்தது சரியென்றே பின்னர் வாதிட்டார். அங்கே குரல் எட்டாததால் அந்த நிலை வந்தது. எங்கள் கயிற்றிலோ பத்து மீற்றர்தான். கேள்வியே தேடி வந்தும் நான் பொய் சொன்னேன்.

இங்கே மறுபக்கமும் ஒன்றுண்டு. சொல்பவரை ஏளனம் செய்யும் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அத்தம்பி கேட்டதோடு நில்லாமல், என் பதிலை நம்பாமல் நின்றாரே, அதுவும் ஒரு கடமைதான்.

நாமும் இந்நாடுகளில் ஒரு கயிற்றில் நடப்பவர்களே. நெஞ்சுவலியைப் பிள்ளைகளிடம் மறைக்கும் தாய், கடனை மனைவியிடம் மறைக்கும் கணவன், பரீட்சையில் தவறியதைப் பெற்றோரிடம் மறைக்கும் மகன் எல்லோரும் அன்பினாலேயே மறைக்கிறார்கள். ஆனால் கயிறு அறுந்துவிடுவதில்லை. இறுகும்போது மற்றவர்கள் ஆயத்தமின்றி இழுபடுகிறார்கள்.

“ஒண்டுமில்லை” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், அது உண்மைதானா என்று ஒருகணம் யோசிப்போம். அச்சொல்லை மற்றவர் சொல்லக் கேட்டால், இன்னொரு தரம் கேட்போம்.