அறிவுரையும் ஒரு தானமே

இல்லறத்தார்க்கு உரிய தானங்கள் நான்கு. ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்பன அவை. இவற்றுள் மருத்துவர் தம்மை நாடி வந்தவர்க்கு அளிப்பது எது என வினவின், ஔஷத தானம் என்றே எவரும் விடை பகர்வர். மருந்துச் சீட்டை எழுதி முடித்தபின் "உடற்பயிற்சி செய்து வா" என்று அவர் கூறும் சிறு சொல் எத்தானத்தைச் சாரும்? அச்சொல் குறைபடச் சொல்லப்பட்டுத் தீங்கு விளையுமாயின் அப்பிழை யாருடையது? நீரிழிவுற்ற இளைஞர்களை முன்னிறுத்தி இதனைச் சிந்திப்போம்.

கோவிலம்பாக்கத்தில் வாழும் எம் உறவினர் ஒருவரின் மகனுக்கு வயது பதினாறு. முதல் வகை நீரிழிவால் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவன். மருத்துவர் ஒருவர் அவனிடம், "நன்றாக ஓடியாடு, சர்க்கரை குறையும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் உரைக்கவில்லை. பிள்ளையும் ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் பந்தாடினான். வீடு திரும்புகையில் கதிரவன் மறைந்துவிட்டான். இரவில் உண்ணா நோன்பு உடைய குடும்பம். ஆகவே நீர் மட்டும் அருந்தி உறங்கினான். நள்ளிரவில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. தாயார் விழித்துக்கொண்டதால் உயிர் தப்பினான். மறுநாள் முதல் தந்தை பந்தை ஒளித்து வைத்துவிட்டார்.

இங்கு நிகழ்ந்த பிழைகள் இரண்டு. ஒன்று அரைகுறை அறிவுரை. மற்றொன்று அதன் விளைவான அச்சம்.

உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கின்றன. நலமுள்ளவர் உடலில் அந்நேரம் இன்சுலின் சுரப்பு தானே குறையும். ஊசியால் செலுத்திய இன்சுலினோ அவ்வாறு குறைவதில்லை. மேலும், பயிற்சி முடிந்து பல மணி நேரம், சில வேளை ஒருநாள் முழுவதும், தசைகளின் ஈர்ப்பு நீடிக்கும். மாலையில் ஆடியவனுக்கு நள்ளிரவில் தாழ்சர்க்கரை நேர்வது இதனாலேயே. இதைச் சொல்லாமல் "ஓடு" என்பது, ஆற்றின் ஆழத்தைச் சொல்லாமல் "நீந்து" என்பதை ஒக்கும்.

அவ்வாறாயின் ஓடாதிருப்பதே நலமோ? அன்று. சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீரிழிவுற்றோர்க்கும் அது விலக்கன்று. இளைஞரிடம் இன்று காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவுக்கோ உழைப்பின்மையும் ஒரு காரணம். நீரிழிவின் விளிம்பில் நின்ற பெரியவர்களிடையே சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. தொடர்ந்து அளித்த ஆலோசனையின் பயன் அது.

சிலர் கூறுவர்: "அவரவர் வினைக்கு அவரவரே பொறுப்பு. சொல்வது மருத்துவர் கடன். கேட்பது நோயாளியின் கடன்." முன்பாதி உண்மையே. ஒருவருக்காக மற்றொருவர் நடந்துவிட இயலாது. ஆயினும் இவ்வுண்மை சொன்னவரை விடுவிப்பதில்லை. கேட்டவனுடைய சோம்பல் கேட்டவன் வினை. சொன்னவருடைய அசட்டை சொன்னவர் வினை. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நாற்கூறாக்குகிறது. நால்வரில் ஒருவர் தளர்ந்தாலும் மருத்துவம் முடமாகிறது.

ஆதலின் நல்லறிவுரை என்பது முதலில் கேட்டலே. "எந்நேரம் உண்பாய்? இரவில் உண்பதில்லையா? எங்கே விளையாடுவாய்?" என்று கேட்டிருந்தால் அன்றிரவு நேர்ந்தது நேர்ந்திராது. மேடவாக்கம் நெடுஞ்சாலையிலும் 200 அடிச் சாலையிலும் விரையும் ஊர்திகளுக்கிடையே "தினமும் நட" என்றால் பிள்ளை எங்கே நடப்பான்? மொட்டைமாடியோ, பள்ளித் திடலோ, உட்தெருவோ என்று இடம் குறித்துச் சொல்வதும் மருத்துவமே.

நம் இல்லத்தார் செய்யத்தக்கவையும் உள. குடும்பத்தின் நோன்பை மருத்துவரிடம் மறையாது கூறுக. விளையாட்டைக் காலைக்கோ பிற்பகலுக்கோ மாற்றிக்கொண்டால் கதிரவன் மறையுமுன் உண்ணலாம்; ஊசியின் அளவை மருத்துவர் அதற்கேற்பத் திருத்துவார். ஆடுமுன்னும் உறங்குமுன்னும் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினால் 15 கிராம் குளுகோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தேன் நமக்கு விலக்கு. குளுகோஸ் பொடியோ சர்க்கரை கரைத்த நீரோ போதும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

"நள்ளிரவில் அதைக் கொடுத்தால் நோன்பு முறியாதா?" என்று அத்தாயார் எம்மிடம் கண்ணீருடன் கேட்டார். பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தியாகமும் சக்திக்கேற்ற தவமும் கூறப்பட்டுள்ளன. நோயுற்றோர்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியமும் அவற்றுள் ஒன்று. சக்தியை மீறிய தவத்தை ஒரு சிறுவன் மீது சுமத்துவது எவ்வாறு அறமாகும்? பிறவுயிரைப் பேணும் நாம் நம் மகனின் உயிரையும் உயிராக எண்ண வேண்டாமா? உயிர் காக்கும் அந்த ஒரு குவளை நீர் ஆகாரமன்று, ஔஷதம். ஐயமுள்ளோர் அபாயம் வருமுன்னரே அறவோரிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

மருந்து தருவது ஔஷத தானம். அதன் இயல்பை விளக்குவது சாத்திர தானம். "அஞ்சாதே, இவ்வாறு ஆடினால் தீங்கில்லை" என்று அச்சம் நீக்குவது அபய தானம். முறையான அறிவுரையில் இம்மூன்றும் அடங்குகின்றன. அந்தப் பந்து இப்போது மீண்டும் பிள்ளையின் கையில் இருக்கிறது. அவன் சட்டைப் பையில் குளுகோஸ் பொட்டலமும் இருக்கிறது.