அசலும் வட்டியும்

ஆமதாபாத் போனால் சபர்மதிக் கரையில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் நீளமான நடைபாதை, பூங்கா, படகு சவாரி. 2012-ல் திறந்தார்கள். பெரம்பலூர், அரியலூரிலிருந்து போகிறவர்களுக்கு, ‘நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையே’ என்று ஏக்கம் வரும். தப்பில்லை. கூட்டம் வந்தால் கடை வரும். கடை வந்தால் நாலு பேருக்கு வேலை. நிலத்துக்கு விலை ஏறும். பி.காம். படித்த எனக்கு இந்த வரவுப் பக்கம் நன்றாகவே புரிகிறது.

செலவுப் பக்கத்தையும் புரட்டுவோமா? சபர்மதி, மழைக்காலத்தில் மட்டும் பெருகி ஓடுகிற ஆறு. நீங்கள் ரசிக்கிற தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வந்து சேர்கிறது. கரையில் குடிசை போட்டுப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டன. கரை அழகானது, கரைக்காரர்கள் மாறிவிட்டார்கள்.

‘இரவல் தண்ணீர்தானே குற்றம்?’ என்று கேட்காதீர்கள். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கும் மேட்டூர் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக வருகிறது. ஆனால், அது வயலுக்காக வந்த தண்ணீர். அதைத் தேடிப் பறவைகள் வந்தன. பறவைகளைத் தேடி மனிதர்கள் வந்தார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. தண்ணீர் அசல், சுற்றுலா வட்டி. அசலைத் தொடாமல் வட்டி வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் ராஜேந்திர சோழர். கங்கை வரை போய் ஜெயித்த பெருமையைச் சொல்ல, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் ஏரியை வெட்டினார். நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. ஜனங்கள் வாயில் அது பொன்னேரி. பெருமைக்காகச் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பெருமை வயலுக்குப் பாய்ந்தது. வேடிக்கை பார்க்க ஒருத்தர் வராவிட்டாலும் அந்த ஏரிக்கு வேலை இருந்தது.

அதே ஏரியைத் தூர்வாரி, சுற்றுலா வசதிகளும் செய்யப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. ‘டூரிஸ்ட் வந்தாத்தான் சார் ஏரிமேல கவனமே விழும்’ என்பார் ஒருவர். உண்மைதான். வட்டி ஆசையில்தான் பலர் அசலைக் காப்பாற்றுகிறோம்!

நடைபாதை போடட்டும், நாமும் குடும்பத்தோடு போய் நடப்போம். நடக்கும்போது, மதகு திறந்தால் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போகிறதா என்று பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘போகுதுங்க’ என்று அவர் சொன்னால், நிம்மதியாகச் சுண்டல் வாங்கிச் சாப்பிடலாம்.