ஒரு துளிக் குருதியும் ஒரு தீர்ப்பும்

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் புகையிரதப் பாதையில் இருக்கிறது வட்டகொடை. அங்கே ஒரு லயத்தில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் வியர்த்து நடுங்குகிறாள், உளறுகிறாள், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டு ஏசுகிறாள். சீனி போட்ட சாயத்தண்ணி உள்ளே போனதும் தெளிகிறாள். நடந்தது எதுவும் நினைவில்லை.

லயத்தார் பேய் என்பார்கள். நம் வீடாக இருந்தால் ஜின் என்று தண்ணீர் ஓதிக் கொடுப்போம். கங்காணிக்கு அது வேலைக்கள்ளம். வைத்தியரும் வலிப்பென்றோ மனநோயென்றோ எழுதிவிடலாம். எல்லாமே தீர்ப்புகள்தாம்; சாட்சியை யாரும் விசாரிக்கவில்லை.

சாட்சி அவளுடைய குருதியில் இருக்கக்கூடும். சதையியில், அதாவது கணையத்தில், இன்சுலினோமா என்ற அபூர்வக் கட்டி தோன்றுவதுண்டு. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர் முதல் நால்வர் வரைக்கே அது வருகிறது. பெரும்பாலும் இரண்டு சென்ரிமீற்றரிலும் சிறியது. வயிறு காய்ந்தாலும் அது இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். குருதியில் சீனி விழ, மூளை பட்டினி கிடக்கும். பத்தில் ஒன்பது கட்டிகள் புற்று அல்ல. வெட்டி அகற்றினால் அனேகமாகப் பூரண சுகம்.

1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பின்னரே இந்நோயை அடையாளம் காண வழி பிறந்தது. 1927இல் அமெரிக்காவில் வில்லியம் மேயோ ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தபோது கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது. அந்நோயாளியே ஒரு வைத்தியர். 1929இல் ரொறன்ரோவில் ரொஸ்கோ கிரகாம் இத்தகைய கட்டியொன்றை அகற்றிக் குணப்படுத்தினார். அதற்கு முன் எத்தனை பேர் பைத்தியம் என்ற பெயரோடு மண்ணுக்குள் போனார்களோ!

இந்நோயைக் கண்டறியும் வழி நம்மைச் சிந்திக்க வைப்பது. வைத்தியசாலையில் கண்காணிப்பின் கீழ் 72 மணிநேரம் வரை பட்டினி வைக்கிறார்கள். சீனி 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதும் இன்சுலின் அடங்காதிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பிறகு ஸ்கேன், சத்திரசிகிச்சை. நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை தந்தது மார்க்கம். இங்கே பட்டினியே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. வீட்டில் ஒருவரும் இதைப் பரீட்சிக்கலாகாது.

"பத்து இலட்சத்தில் ஒருத்திக்காகத் தோட்ட டிஸ்பென்சரி என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும். ஆனால் முதற்படி அத்தனை தூரத்தில் இல்லை. அவள் உளறும் அந்த நேரத்திலேயே விரலில் குத்தி ஒரு துளிக் குருதியைக் கருவியில் வைத்துப் பார்ப்பதுதான் அது. நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் மலையேறி மயங்குபவரையும் அதே துளி காப்பாற்றும். அபூர்வமானவளுக்காக எடுக்கும் சிரமம் சாதாரணமானவருக்கும் பயன்படுகிறது.

சித்தம் கலங்கியவரின் செயல் ஏட்டில் பதியப்படுவதில்லை என்ற நபிமொழியை நாமெல்லோரும் அறிவோம். இறைவன் பதியாததை நாம் பதிந்துவிடுகிறோம். நோயின் பெயர் நமக்குத் தெரியாதிருப்பது குற்றமல்ல. தெரியாத இடத்தில் அவசரமாக ஒரு பெயரைச் சூட்டுவதுதான் குற்றம். கட்டியை அகற்றிவிடலாம், பேய் பிடித்தவள் என்ற பெயரை எந்தக் கத்தியால் அகற்றுவது?