படகின் அடியில் ஒரு சொட்டு

இங்கிலாந்தின் தென்கரைப் படகுத்துறைகளில் சனிக்கிழமை காலை வழக்கமாகக் காணக்கூடிய காட்சி இது. விடுமுறை நாளில் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் சின்னப் பாய்மரப் படகுக்குள் இறங்கி, ஒருவர் தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கிறார். அடிப்பள்ளத்தில் ஒரு செம்பு தண்ணீர். விரலை நனைத்து நாக்கில் வைக்கிறார். கரித்தால் கடல்நீர், நீர்மட்டத்துக்குக் கீழே எங்கோ வழி இருக்கிறது. கரிக்காவிட்டால் மழை மேல்தளம் வழியாக இறங்கியிருக்கும், அல்லது குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது.

இனி அவர் தேடலாம். இல்லையென்றால், "போன வருஷமும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்று பலகையை மூடிவிடலாம். இப்படி மூடுவதைப் பாவம் என்றே சொன்னவர் ஒருவர் உண்டு.

அவர் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கணிதப் பேராசிரியர். நம்பிக்கையின் அறம் பற்றி 1877-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறது. கப்பல் பழசு, பலமுறை பழுதுபார்த்தது. நாடு விட்டுக் குடியேறப் போகும் குடும்பங்கள் அதில் ஏறவிருக்கின்றன. முதலாளிக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது. பழுதுபார்க்கும் செலவோ மலைக்க வைக்கிறது. எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல், கடவுள் கைவிடமாட்டார் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி, கடைசியில் மெய்யாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுப் பணம் அவர் கைக்கு வருகிறது.

முதலாளி யாரிடமும் பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார். ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமையே கிடையாது என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. தேடிப் பார்த்து வந்த நம்பிக்கை அல்ல அது, சந்தேகத்தின் கழுத்தை நெரித்து வந்தது. கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் குற்றம் இம்மியும் குறையாது என்கிறார். கட்டுரையின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

இது வெறும் கற்பனைக் கதையும் அல்ல. சவப்பெட்டிக் கப்பல்கள் என்று மக்கள் பெயரிட்டழைத்த ஓட்டைக் கப்பல்களை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் பாராளுமன்றத்தில் போராடிய காலம் அது. கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு இட வேண்டும் என்ற சட்டம் 1876-இல் வந்தது. கிளிஃபோர்டும் கடலின் கையில் அகப்பட்டு மீண்டவர்தான். 1870 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு சென்றபோது, சிசிலிக் கரையோரம் அவர் ஏறியிருந்த கப்பல் பாறையில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை.

படகுக்குத் திரும்புவோம். கசிவைத் தேடுவது பொறுமையின் வேலை. தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, தலைகாட்டுகிற இடம் வேறொன்று. மேல்தளக் கைப்பிடியின் போல்ட் வழியே இறங்கிய மழை, உட்சுவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் ஓடிப் படுக்கையை நனைக்கும். அதனால் ஈரத்தைக் கண்ட இடத்தையே குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. அனுபவசாலிகள் முதலில் பள்ளம் முழுவதையும் பஞ்சால் ஒற்றி, துணியால் துடைத்து, ஈரமே இல்லாமல் காய வைக்கிறார்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் வெள்ளைப் பரப்பின் குறுக்கே நத்தை ஊர்ந்தது போல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டே போனால் வாய் அகப்படும்.

எல்லாச் சொட்டும் குற்றமல்ல. பழைய முறைப்படி, சுழலி அச்சு படகை விட்டு வெளியேறும் இடத்தில் மெழுகு ஊறிய கயிறு திணித்திருப்பார்கள். அச்சு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுந்தால்தான் அது சூடேறாமல் இருக்கும். எது விழ வேண்டிய சொட்டு, எது விழக் கூடாதது என்று அறியாமல் படுகிற பயமும், கிளிஃபோர்டின் கணக்கில், சம்பாதிக்காத நம்பிக்கைதான்.

ஆனால் படகுக்காரரின் பெரிய சோதனை பயமில்லை, வசதி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் சேரும். தானியங்கி பம்ப் அதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். பள்ளம் எப்போது பார்த்தாலும் ஏறக்குறைய காய்ந்தே கிடக்கும். ஒருநாள் பேட்டரி தீரும். அதே வாரத்தில் படகின் அடித்துளையில் மாட்டிய ஒரு ஹோஸ் கழன்றால், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கும் 2.5 சென்டிமீட்டர் துளை நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் உள்ளே விடும். படகுகள் பல, கடலில் போகும்போது அல்ல, கட்டிய இடத்திலேயே மூழ்குவதன் காரணம் இதுபோன்றதுதான். வெளியிலிருந்து பசையைப் பூசி மூடுவதும் இதே ரகம். மேல்தளத்துக்குள் பால்சா மரம் வைத்த படகில், பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்; மரம் உளுத்துப் போகும். சரியான வேலை கஷ்டமானது. போல்ட்டைக் கழற்ற வேண்டும், துளையைப் பெரிதாக்கி எபாக்ஸி நிரப்ப வேண்டும், இறுகிய பின் நடுவே மறுபடி துளைக்க வேண்டும்.

என் படகு, என் நம்பிக்கை, உனக்கென்ன என்று கேட்பவருக்கு யூத மரபின் லேவியராகமம் ரப்பாவில் ஒரு கதை இருக்கிறது. பலர் ஏறிய படகில் ஒருவன் தன் இருக்கையின் கீழே மட்டும் துளையிடத் தொடங்குகிறான்; தண்ணீரோ எல்லோரையும் மூழ்கடிக்கும். ரபி ஷிமோன் பார் யோகாய் சொன்னதாக வரும் கதை. மதப்பற்றைத் துறந்த கிளிஃபோர்டும் இதையேதான் வந்து தொடுகிறார்: ஒருவரின் நம்பிக்கை அவரோடு நிற்பதில்லை.

அவருக்கு எதிர்வாதமும் உண்டு. 1896-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சான்று முழுதும் வரும்வரை காத்திருக்க வாழ்க்கை இடம் கொடுக்காத தருணங்கள் உள்ளன, அங்கே நம்பித் துணிவது நியாயமே என்றார். கடவுள் விஷயத்தில் அவர் சொல்வதை எளிதில் தள்ள முடியாது. படகு விஷயத்திலும் அப்படித்தான்: ஓதம் யாருக்காகவும் நிற்பதில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்பவர் துறையை விட்டு நகரவே மாட்டார். ஆனால் கப்பல் முதலாளி நின்றது அப்படிப்பட்ட இடத்தில் இல்லை. அவரால் பார்த்திருக்க முடியும். பார்க்காமல் இருக்கத்தான் நம்பிக்கையைத் துணைக்கு அழைத்தார். விசுவாசத்தை இப்படி வேலைக்காரியாக்குவது, கிளிஃபோர்டைவிட விசுவாசிகளுக்கே அதிகம் வலிக்க வேண்டிய விஷயம்.

படகுத்துறையில் பவுடர் கோடு இன்ஜினுக்கு அடியில் போய், ஒரு ஹோஸின் இரும்பு கிளிப்பில் முடிகிறது. மேலே பளபளப்பு, அடியில் துரு தின்று நூலாகிவிட்டது. அவர் புதிய கிளிப்பை முடுக்குகிறார். பள்ளத்தை மறுபடி துடைக்கிறார். பிறகு டப்பாவை எடுத்து, முன்போலவே, பவுடரைத் தூவிவிட்டு உட்காருகிறார்.