பாட்டின் புகழ் யாருக்குரியது?

கலைஞர்களுக்கு வழங்கப்படும் விருதுகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகவே பேசுகின்றோம். தகுதியான ஒருவருக்குக் கிடைத்தால் மகிழ்கின்றோம். கிடைக்காமற் போனாலோ, தகுதியற்ற ஒருவருக்குக் கிடைத்துவிட்டாலோ மனம் கொதிக்கின்றோம். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: புகழ் என்பது கலைஞனுக்குச் சேரவேண்டிய ஒரு சொத்து, அது உரிய கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. அந்தச் சொத்து அவன் ஒருவனுக்கு மட்டும் உரியதுதானா என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்வியைக் கிரேக்க நாட்டின் ஒரு பாடகரை முன்வைத்துச் சிந்திக்கலாம். அவர் புகழின் உச்சியில் நின்று மேடையை உதறியவர். தமக்குரியதைக் கேட்டுப் போராடியவர். அதே வேளை, தமது புகழுக்காகப் பிறருக்குக் கடன்பட்டவருமாவார். இம்மூன்றும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்திருப்பதனாற்றான் அவர் நமக்கு வேண்டியவராகின்றார்.

ஸ்டெலியோஸ் கசன்ட்ஸிடிஸ் 1931 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரை அடுத்த நியா இயோனியாவிற் பிறந்தவர். 1922 இல் சின்ன ஆசியாவிலிருந்து துரத்தப்பட்ட கிரேக்க அகதிகள் குடியேறிய பகுதி அது. நெசவாலைகள் நிறைந்தது. அவருடைய பெற்றோரும் அகதிகளே. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தந்தையை இழந்த அவர், குடும்பத்தைத் தாங்கச் சிறுவயதிலேயே கூலி வேலைகளுக்குப் போகவேண்டியதாயிற்று. 1952 இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது, அது எடுபடவில்லை. ஆனால் விரைவிலேயே நிலைமை மாறிற்று. கிரேக்கர்கள் ‘லைக்கோ’ என்று அழைக்கும் வெகுசனப் பாடலின் தலையாய குரல் அவருடையதே என்றாயிற்று. மக்களைக் குறிக்கும் ‘லாவோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அக்காலத்தில் கிரேக்கத்தின் ஊர்கள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. ஐம்பதுகளிலிருந்து எழுபதுகளின் முற்பகுதி வரை ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பிழைப்புத் தேடி நாட்டை விட்டு வெளியேறினர். 1960 இல் மேற்கு ஜேர்மனியுடன் தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஜேர்மனியின் தொழிற்சாலைகளுக்கும் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் தம்மோடு கொண்டு சென்றது கசன்ட்ஸிடிஸின் குரலைத்தான். அந்நிய மண்ணில் வாழும் வாழ்வைக் குறிக்கக் கிரேக்க மொழியில் ‘க்ஸெனித்யா’ என்றொரு சொல் உண்டு. தூரம், தனிமை, ஊர் நினைவு எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தச் சொல்லுக்கு ஒரு குரல் இருந்ததென்றால் அது அவருடையது. இதுவும் ஓர் அங்கீகாரமே. எந்தக் குழுவும் கூடித் தெரிவுசெய்யாத, எந்த மேடையிலும் அறிவிக்கப்படாத அங்கீகாரம்.

1965 இல், முப்பத்து நான்கு வயதளவில், அவர் இரவு விடுதிகளிற் பாடுவதை நிறுத்தினார். 2001 செப்டெம்பரில் இறக்கும்வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அந்த மேடைகளுக்கு அவர் திரும்பவேயில்லை. கிரேக்கத்தின் வெகுசனப் பாடகனுக்கு அக்காலத்தில் இரவு விடுதியே பிரதான மேடை, வருமானமும் அங்கேதான். பாடகனைப் பாராட்டப் பணக்காரர்கள் பீங்கான் தட்டுகளை வாங்கி அவன் காலடியில் உடைப்பார்கள். எவ்வளவு உடைகின்றதோ அவ்வளவு மதிப்பு. தொழிலாளியின் துயரத்தைப் பாடும் குரல், அந்தத் தொழிலாளி வாசற்படியும் மிதிக்க முடியாத இடத்தில், பணத்தைக் காட்ட வந்தவர்களின் கொண்டாட்டத்திற்குப் பின்னணியாகின்றது. இரவு விடுதிகளின் சூழலும் அங்கு ஆதிக்கம் செலுத்தியவர்களும் தமக்கு வெறுத்துப்போனதைக் கசன்ட்ஸிடிஸ் மறைக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய விளக்கமும் கிரேக்கத்திலேயே இருக்கின்றது. மனிதர் தேடும் நன்மை எது என்று ஆராயும் அரிஸ்டோட்டில், தமது ஒழுக்கவியல் நூலின் தொடக்கப் பகுதியிலேயே புகழை எடுத்துக்கொண்டு, அது போதாது என்று தள்ளிவிடுகின்றார். புகழ் அதைப் பெறுபவனிலும் பார்க்க அதைக் கொடுப்பவனையே சார்ந்திருக்கின்றது என்பது அவர் காட்டும் காரணம். நாம் உண்மையில் தேடுவதோ நம்மிடமிருந்து எளிதிற் பறிக்கமுடியாத ஒன்றை. மேலும், தம்மிடம் நற்பண்பு உண்டென்று தம்மையே நம்பவைத்துக்கொள்வதற்காகத்தான் மனிதர் புகழைத் தேடுகின்றனர். அதனாற்றான் விடயம் தெரிந்தவர்களின் பாராட்டை விரும்புகின்றனர் என்கின்றார். அப்படியானால் தட்டு உடைப்பவனின் பாராட்டு பாடகனுக்கு எதை உறுதிப்படுத்தும்? உடைப்பவனின் பணப்பையைத் தவிர வேறொன்றையுமல்ல.

நிறுவனங்கள் தரும் அங்கீகாரத்தையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். இசைத்தட்டு உலகில் மிகவும் கண்ணைக் கவரும் கௌரவம் ‘தங்கத் தட்டு’. கிரேக்கத்தில் இரண்டாயிரங்களின் முற்பகுதியில் ஓர் இசைத்தொகுப்புத் தங்கம் பெற 20,000 பிரதிகள் விலைப்படவேண்டியிருந்தது. களவுப் பிரதிகளாலும் இணையத்தாலும் விற்பனை சரிந்தபோது அளவுகோலும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அத்தசாப்தம் முடிகையில் 6,000 பிரதிகளே தங்கத்திற்குப் போதுமாயிற்று. தங்கம் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது. 2002 முதல் சில ஆண்டுகள் நடைபெற்ற ‘ஏரியன்’ இசை விருதுகளை வழங்கியதும் இசைத்தட்டு நிறுவனங்களின் அமைப்பே. விற்பவரே தரம் சொல்லும் சந்தை அது. இவற்றைப் பெற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்பதல்ல இங்கு வாதம். தகுதியை இவை கொண்டு அளக்க முடியாது என்பதே.

வெளியார் தரும் பெருங்கௌரவமும் இலக்குத் தவறுவதுண்டு. 1960 இல் வெளிவந்த ‘ஞாயிறு மட்டும் வேண்டாம்’ என்ற பொருள்படும் திரைப்படத்தின் பாடலுக்காகக் கிரேக்க இசையமைப்பாளர் மனோஸ் ஹஜ்ஜிதாக்கிஸுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. அவர் அதை வாங்கச் செல்லவில்லை. அந்த ஒரு பாடலின் புகழ் தம்முடைய ஏனைய ஆக்கங்களை மூடி மறைத்துவிட்டது என்ற கசப்பு அவருக்கு இருந்தது. பாராட்டும் ஒரு திரையாகலாம். ஒன்றைக் காட்டுவதற்காக மற்றவற்றை மறைத்துவிடலாம்.

மீண்டும் கசன்ட்ஸிடிஸிடம் வருவோம். இசைத்தட்டு விற்பனையிற் பாடகனுக்கு உரிய பங்கு வேண்டும் என்று குரல் கொடுத்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1975 இல் அவருடைய மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றான ‘இப்பார்ஹோ’ வெளிவந்தது. ‘நான் இருக்கின்றேன்’ என்பது அதன் பொருள். அதன் பின் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தப் பிணக்கினால் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் புதிய இசைத்தட்டு எதையும் வெளியிடவில்லை. 1987 இலேதான் மீண்டும் வந்தார். தாம் இருப்பதாகப் பாடிய மனிதரின் குரல் ஒரு காகிதத்திற் கட்டுண்டு கிடந்தது. மக்கள் அவரை மறக்கவில்லை. விருதில்லாமல், மேடையில்லாமல், புதிய தட்டுமில்லாமல் அவருடைய இடம் அப்படியே இருந்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது மேடையை உதறிய ஒரு மாமனிதரின் கதையாக அழகாக முடிந்துவிடும். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும்.

1960 ஆம் ஆண்டை அண்டி கசன்ட்ஸிடிஸ் பாடிப் பெருவெற்றி பெற்ற பாடல்களுள் ஒன்று ‘மந்துபாலா’. இந்தி நடிகை மதுபாலாவின் பெயரே அது. அக்காலத்தில் இந்தித் திரைப்படங்கள் கிரேக்கத்தின் ஏழை மக்களைப் பெரிதும் கவர்ந்திருந்தன. அப்பாடலின் மெட்டு, 1951 இல் வந்த ‘ஆவாரா’ படத்தில் சங்கர்-ஜெய்கிஷன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய ஒரு பாடலின் மெட்டு. மதுபாலா அந்தப் படத்தில் நடிக்கவேயில்லை, நடித்தவர் நர்கிஸ். இலங்கை வானொலியின் இந்திச் சேவை வழியாக நம் நாட்டவரின் செவிகளுக்கும் பழக்கமான ஆவாராவின் மெட்டு, அதே தசாப்தத்தில் ஏதென்ஸ் நகரின் அகதிக் குடியிருப்புகளிலும் ஒலித்தது என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் சங்கர்-ஜெய்கிஷனின் பெயர் அந்தக் கிரேக்க இசைத்தட்டில் இல்லை. இது தனியொரு பாடலின் கதையுமல்ல. 1998 இல் ஹெலன் அபாட்ஸியும் இம்மானுவேல் தாசூலாஸும் வெளியிட்ட நூல், இவ்வாறு இந்தி மெட்டுகளிலிருந்து உருவான நூற்றுக்கு மேற்பட்ட கிரேக்கப் பாடல்களை இனங்காட்டிற்று. உண்மை வெளிவர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன.

அந்தப் பாடலின் வரிகளை எழுதியவர் எஃப்திகியா பாப்பாயானோபூலு என்ற பெண். 1893 இல் சின்ன ஆசியாவின் ஐதினிற் பிறந்து, 1922 இன் பேரழிவில் அகதியாக வந்து, நாடக நடிகையாக அலைந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பின் பாட்டெழுதத் தொடங்கியவர். சூதாட்டத்தில் மோகம் கொண்டவர். கையிற் காசில்லாதபோதெல்லாம் தம் பாடல்களைச் சிறு தொகைக்கு விற்றுவிடுவார். விற்ற பின் அதில் அவருக்கு உரிமையும் இல்லை, பெரும்பாலும் பெயரும் இல்லை. கிரேக்கர் மனப்பாடமாகப் பாடும் பல பாடல்கள் அவருடையவை என்பது 1972 இல் அவர் இறந்த பின்னரே பரவலாகத் தெரியவந்தது. 2019 இல் அவருடைய வாழ்வு திரைப்படமாயிற்று.

இங்கே சிலர் ஒரு தடை சொல்லலாம். அவர் விரும்பித்தானே விற்றார்? விற்ற பொருளுக்கு மீண்டும் உரிமை கோருவது எந்த நியாயம்? இந்தத் தடை எளிதில் தள்ளக்கூடியதல்ல. வருமானத்தைப் பொறுத்தவரை அது சரியென்றே ஒப்புக்கொள்வோம். ஒரு பாடல் ஈட்டப்போகும் பணத்தை முன்கூட்டியே ஒரு தொகைக்குக் கைமாற்றலாம். ஆனால் ‘இதை எழுதியவள் நான்’ என்பது பணமல்ல. அது நடந்துவிட்ட ஒரு காரியம். நடந்த காரியத்தை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. வாங்கியவன் அதைத் தன்னுடையதென்று சொல்லும்போது அவன் தான் வாங்கிய பொருளை அனுபவிக்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்கின்றான். விற்றவள் சம்மதித்திருந்தாலும் பொய் பொய்யே. ஏனெனில் அதைக் கேட்டு ஏமாறுபவர்கள் கேட்போராகிய நாமும்தான். நம்மிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இன்னுமொரு தடையும் உண்டு. மெட்டுகளுக்கு ஊரும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. அகதிகள் சின்ன ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பாடல்களும் கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர் எல்லாரும் புழங்கியவைதாம். அப்படியிருக்க ஓர் இந்தி மெட்டை எடுத்ததிற் குற்றமென்ன? எடுத்ததிற் குற்றமில்லை என்றே நானும் சொல்வேன். இரவல் வாங்காத இசை உலகில் இல்லை. வந்த வழி தெரியாமற் போன நாட்டுப்புற மெட்டு வேறு. பத்து ஆண்டுகளுக்குள், பெயர் சொல்லக்கூடிய இருவர் அமைத்து, படமாளிகைகளில் ஓடிய படத்தின் மெட்டு வேறு. இங்கே மறைந்தது காலத்தால் அல்ல, மௌனத்தால்.

இதனைக் கொண்டு கசன்ட்ஸிடிஸைக் கூண்டில் ஏற்றவேண்டும் என்பது என் நோக்கமல்ல. அந்த வழக்கம் அவர் தொடங்கியதன்று. அவருடைய குரலின் பெறுமதியும் இதனாற் குறைவதில்லை. ஒரு மெட்டும் சில வரிகளும் வேறெவர் வாயிலும் அந்த உயிரைப் பெற்றிருக்கமாட்டா. ஆனால் தம் உழைப்பின் பங்குக்காகப் போராடிய ஒருவரே, பிறர் உழைப்பு மறைந்து கிடந்த ஓர் ஒழுங்கினாற் பயனும் பெற்றார் என்பதை மறுக்க முடியாது. அநீதிக்கு ஆளானவன் இன்னோர் அநீதியின் பங்காளியாக இருக்க மாட்டான் என்று எண்ணுவது நம் மனத்தின் சௌகரியத்திற்காகவே. பாடகன் ஒருவனின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, எழுதியவளையும் இசைத்தவனையும் சிறிய எழுத்துக்குள்ளோ வெறுமைக்குள்ளோ தள்ளும் வழக்கத்தை அவன் தனியே உண்டாக்குவதில்லை. நாமும் சேர்ந்தே உண்டாக்குகின்றோம். நமக்கு ஒரு முகம் போதுமானதாக இருக்கின்றது.

அப்படியானால் காலங்கடந்து வரும் அங்கீகாரத்திற்குப் பயனுண்டா? எஃப்திகியாவுக்கு 2019 இன் திரைப்படம் எதையும் கொடுக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்த காசும், கேட்டிருக்கக்கூடிய கைதட்டலும் இனி அவரைச் சேரா. இந்த இழப்பை ‘இறந்தபின் வாழ்கின்றார்’ என்ற வழக்கமான வாசகத்தால் மெழுகிவிடுவது முறையல்ல. ஆயினும் அங்கீகாரம் என்பது பெறுபவருக்குத் தரும் பரிசில் மட்டுமல்ல. நடந்தது இதுதான் என்று ஒரு சமூகம் தன்னிடமே சொல்லிக்கொள்ளும் சாட்சியமும்கூட. பரிசிலாக அது பிந்திவிட்டது. சாட்சியமாக அது இன்னும் தேவைப்படுகின்றது. பொய்யான கணக்கை வைத்துக்கொண்டிருக்கும் சமூகம், அடுத்த எஃப்திகியாவிடமும் அவ்வாறே சிறு தொகைக்கு வாங்கும்.

ஆகவே ஒரு விருதை மதிப்பிடும்போது, அது தகுதியானவரிடம் போயிற்றா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அது எவருடைய பங்கைச் சொல்லாமல் விட்டது என்றும் கேட்கவேண்டும். ஒருவரைப் பாராட்டும்போது அவருக்குக் கொடுத்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வதனால் அவருடைய பெருமையில் எதுவும் குறைவதில்லை. ‘மந்துபாலா’வைக் கேட்டு உருகும் ஒருவர், இது சங்கர்-ஜெய்கிஷனின் மெட்டு, எஃப்திகியாவின் சொல், கசன்ட்ஸிடிஸின் குரல் என்று அறிந்த பின்னும் அதே அளவு உருகத்தான் போகின்றார். அதற்காக அவர் இழக்கவேண்டியது எதுவுமில்லை. நீதி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை; இருக்கின்ற இந்த ஓரிடத்திலாவது நாம் அதைக் கொடுத்துவிடவேண்டும்.