வாசற்படியும் ஜெப ஆலயமும்

தமிழில் 'பரதேசி' என்பது வசவு. வீடுவாசல் இல்லாதவன், திண்ணையில் படுப்பவன் என்று அர்த்தம். கொச்சி மட்டாஞ்சேரியில் அதே சொல் பெருமைக்குரிய பெயர். 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்துக்குப் பெயரே பரதேசி ஜெப ஆலயம். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பதே அங்கே தகுதி.

வந்த கதை கண்ணீர்க் கதைதான், மறுக்கவில்லை. 1492-இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. 1497-இல் போர்ச்சுகல் கட்டாயமாக மதம் மாற்றியது. தப்பி ஓடியவர்களில் சிலர் கொச்சிக்கு வந்தார்கள். ராஜா தன் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1662-இல் போர்ச்சுகீசியர் அந்த ஆலயத்தையும் தாக்கினார்கள். டச்சுக்காரர்கள் வந்த பிறகு அது மறுபடி எழுந்தது.

கேரளத்தின் பெருந்தன்மை என்று இதைச் சொல்வார்கள். கொஞ்சம் நிதானிப்போம். இவர்களுக்கு முன்பே அந்தக் கரையில் யூதர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த வட்டெழுத்துச் செப்பேட்டில் பல்லக்கு, குடை, பகல்விளக்கு என்று 72 உரிமைகள். குடை பிடிப்பது எப்படி ஒரு உரிமையாகும்? இன்னொருத்தன் பிடிக்கக்கூடாது என்றால்தான் ஆகும். சாதி சமூகம் வந்தவனுக்கு வெறும் இடம் கொடுப்பதில்லை, படிக்கட்டில்தான் இடம் கொடுக்கும். இது யாருடைய பெருந்தன்மை?

பின்னால் வந்த பரதேசிகள் அந்தப் படிக்கட்டை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். தங்களை வெள்ளை யூதர் என்றார்கள். முன்பே இருந்த மலபார் யூதர்களைக் கறுப்பர் என்றார்கள். ஆனால் அந்தப் பழைய செப்பேடு மட்டும் பரதேசிகளின் ஆலயத்துக்குள் இருக்கிறது!

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. 'மெஷுக்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்கள் வம்சமும். எஜமானர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் இவர்களில் அடக்கம். ஒரே கடவுள், ஒரே வேதம், ஒரே ஓய்வுநாள். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது, தோரா வாசிக்கக் கூடாது, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. தரையிலோ முன்கூடத்திலோதான் இடம். சீனாவிலிருந்து வந்த நீலப்பூத் தரை ஓடுகளைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. ஓடு எந்த ஊருன்னு கேட்கிறவர்கள், அந்தத் தரையில் யாரை உட்கார வைத்தார்கள் என்று கேட்பதில்லை.

யூத மதம் இதைச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த மதகுரு டேவிட் இப்ன் ஸிம்ராவிடம் இந்த வழக்கு போனது. முறைப்படி விடுதலையாகி மதத்தில் சேர்ந்தவர்கள் முழு யூதர்களே, மண உறவும் கொள்ளலாம் என்றே அவர் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு வந்தது, தெரு மாறவில்லை. எகிப்தில் தம் முன்னோர் பட்ட அடிமைத்தனத்தை ஆண்டுதோறும் பாஸ்காவில் நினைவுகூர்கிற ஒரு ஜனம், தன் வாசலில் நிற்கும் அடிமையின் பேரனை எப்படிப் பார்க்காமல் இருந்தது?

பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்கிறோம். வலி தெரியும், சரி. யாருடைய வலி? தன் வலி. அடுத்தவன் வலி தானாகத் தெரிந்துவிடுவதில்லை. துன்பம் யாரையும் நியாயவான் ஆக்கிவிடாது. 'எனக்கு நடந்தது' என்பதிலிருந்து 'யாருக்கும் நடக்கக்கூடாது' என்பதற்குப் போக வேண்டும். அந்தத் தூரத்தை நடந்துதான் கடக்கணும்.

நடக்க வைத்தவர் வாசலில் இருந்தவர்தான். மெஷுக்ராரிம் குடும்பத்தில் 1882-இல் பிறந்த ஏ.பி. சேலம், சென்னையில் படித்து எர்ணாகுளத்தில் வக்கீலானவர். கொச்சி சட்டசபையில் உறுப்பினர், தொழிலாளர்களுக்காகப் பேசியவர். பக்கத்து வைக்கத்தில் 1924-இல் கோயில் தெருவுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே ஆயுதத்தைச் சேலம் தன் சொந்த ஜெப ஆலயத்துக்குள் கொண்டுபோனார். மதத்தை விட்டுப் போகவில்லை, கெஞ்சவுமில்லை. முதலில் பெஞ்சு கிடைத்தது, பிறகு தோரா வாசிப்பு. 1950-இல் அவர் மகன் ஒரு பரதேசி வீட்டுப் பெண்ணை மணந்தபோதுதான் கல்யாணச் சுவரில் விரிசல் விழுந்தது.

1950-களில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். பரதேசிகளும் பின்னர் ஒவ்வொருவராய்ப் போனார்கள். முழுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். இன்று அந்தத் தெருவில் பத்துப் பேர் இல்லை.

இதை யூதர்கள் மீதான குற்றப்பத்திரிகையாக வாசிப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். துரத்தப்பட்டு வந்தவர்களுக்கும் சாதியைக் கற்றுக்கொடுத்தது நம் மண்தான். நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் கூட்டத்தில் மைக் பிடிப்பது யார், நாற்காலி எடுத்துப்போடுவது யார்? அருந்ததியர் வீட்டில், புதிரை வண்ணார் வீட்டில் நம்மில் எத்தனை பேர் பெண் எடுத்திருக்கிறோம்? நாம் பட்டதெல்லாம் உண்மை. அதைச் சொல்லி இந்தக் கேள்வியிலிருந்து நழுவ முடியாது.