எப்போ எடுக்கறீங்க?

நாவலூர் அடுக்ககங்களில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால் முதலில் வந்து சேர்வது ஃப்ரீசர் பாக்ஸ். கூடவே அந்தக் கேள்வி: "எப்போ எடுக்கறீங்க?" பல வீடுகளில் பதில் விமானத்தைப் பொறுத்தது. பையன் துபாய் வந்துட்டான், நாளைக்குக் காலைல இறங்கிடுவான்.

சென்னைக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் வான்வழியில் சுமார் 13,900 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் அங்கிருந்து பெங்களூருக்கு வந்த ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானமே வட துருவத்தின் மேலாகப் பறந்து 17 மணி நேரம் எடுத்துக்கொண்டது. சென்னைக்கு அதுவும் இல்லை. எங்காவது மாறித்தான் வரணும், 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். (மீனம்பாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆர். மெட்ரோ பள்ளங்களைத் தாண்டி வீடு சேர்வது தனிக்கணக்கு.)

ரஜுலா என்றொரு கப்பல் இருந்தது. 1926இல் கட்டப்பட்டது, எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். சிங்கப்பூர் இன்றைக்கு நாலு மணி நேரம். அன்று மலாயாவில் இருந்த மகனுக்குத் தந்திதான் போகும். அவன் அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொள்வான், ஊரில் பங்காளி யாராவது கொள்ளி வைப்பார். ஏன் வரலை என்று கேட்பதானால் கடலைத்தான் கேட்கணும்.

ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று சொல்வதானால் அதைச் செய்ய முடிந்திருக்க வேண்டும் என்பது கான்ட் பெயரில் வழங்கும் வாதம். விமான அட்டவணை அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. வர முடியும், அதனால வந்தே ஆகணும். இந்தத் திருப்பம் செல்லாது என்று தர்க்கத்தின் முதல் பாடத்திலேயே வந்துவிடும். உறவுக்காரர்களிடம் அது எடுபடாது.

அந்த 'முடியும்' கூட முழு உண்மை இல்லை. எச்-1பி விசாவின் முத்திரை காலாவதியானாலும் அனுமதி இருக்கும்வரை அங்கே வேலை பார்க்கலாம். வெளியே வந்துவிட்டால் திரும்பப் போக தூதரகத்தில் புது முத்திரை வாங்கணும். மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, வீட்டுக் கடன் எல்லாம் அந்தப் பக்கம். வர ஒரு நாள். போக எத்தனை வாரம் என்று தெரியாது. இதைச் சாக்கு என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோணலை. ஒரே வழிக்கு இரண்டு தூரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. வருகிறவனுக்காக அந்தப் பெட்டிப் பக்கத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருப்பது யார்? பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய மனைவி. சர்க்கரை மாத்திரையை யாராவது ஞாபகப்படுத்தினால்தான் உண்டு. பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கணும் என்கிற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது அவங்க. காத்திருக்கலாமா, எடுத்துடலாமா என்பதை அவங்களைத்தானே முதல்ல கேட்கணும்? வரட்டும் என்றே சொல்லலாம், அது அவங்க விருப்பம். நான் பார்த்த வீடுகளில், விமான எண் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் யாராவது உள்ளே போய் அவங்க காதில் சொன்னார்கள்.